காற்றுக்குக் கப்பல் கூலி

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். அந்தப் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். 19ஆம் நூற்றாண்டில் தோனெட் குடும்பத்தார் தங்கள் நாற்காலிகளை இப்படித்தான் கட்டிக் கடல் தாண்டி அனுப்பினார்கள். பூட்டிய நாற்காலியாக ஏற்றியிருந்தால் அதே இடத்தில் நாலைந்துக்கு மேல் நிற்காது. மீதி இடத்தைக் காற்று அடைத்துக்கொள்ளும். கப்பல் கூலி எடையை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. ஒரு டன்னா, ஒரு கன மீட்டரா, எந்தக் கணக்கில் கூலி கூடுதலாக வருகிறதோ அதைத்தான் வாங்குவார்கள். நாற்காலி எடை குறைந்த பொருள், இடத்தைத்தான் விழுங்கும். எனவே காற்றையும் காசு கொடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. கழற்றி அடுக்கி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் மரச்சாமான்களின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கூலியிலிருந்து தப்பிக்க மனிதர்கள் பட்ட பாடுதான்.

நான் ஜொகூர் மாநிலத்தில், மூவார் வட்டாரத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் துளையிடும் பிரிவில் இருந்தவன். 1980களின் கடைசியில் பலகை தூக்கும் ஆளாகச் சேர்ந்து, பிறகு இயந்திரத்தைச் செட் செய்கிறவனாகி, அதிலேயே ஓய்வு பெற்றேன். இந்த வகைச் சாமான்களுக்கு எங்கள் தொழிலில் 'கே.டி.', அதாவது 'நாக் டவுன்' (கழற்றிப் பூட்டுவது), என்று பெயர். கே.டி. மேசை, கே.டி. நாற்காலி, கே.டி. கட்டில். இவற்றின் கதையை எழுதுகிறவர்கள் வடிவமைத்தவரையும் கடை வைத்தவரையும் எழுதுகிறார்கள். துளை போட்டவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. துளை சரியாக விழாவிட்டால் இந்தத் தொழிலே கிடையாது. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மிக்கேல் தோனெட் 1796இல் ரைன் நதிக்கரையிலுள்ள பொப்பார்ட் என்ற ஊரில் பிறந்தார். தொழில் தச்சு. மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் ஊறவைத்து, அச்சில் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நாற்காலி செய்தார். ஆஸ்திரியாவின் பெரிய அமைச்சரான மெட்டர்னிக் அதைப் பார்த்துவிட்டு வியன்னாவுக்கு அழைத்தார். 1842இல் தோனெட் அங்கே போனார். 1851 லண்டன் பொருட்காட்சியில் அவருடைய நாற்காலிகளுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 1853இல் தொழிலைத் தம் ஐந்து பிள்ளைகள் பெயருக்கு மாற்றினார்.

ஒட்டிய தகட்டில் ஒரு பலவீனம் இருந்தது. அந்தக் காலத்துப் பசை மிருகத்தோலிலும் எலும்பிலும் காய்ச்சியது. நம் ஆசாரிமார் வஜ்ஜிரம் என்பார்களே, அதே சரக்கு. வெப்பமும் ஈரமும் உள்ள நாட்டுக்குப் போனால் இளகி விட்டுவிடும். கடல் தாண்டி விற்க வேண்டுமென்றால் பசையை நம்ப முடியாது. முழுக்கட்டையையே வளைப்பது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

பீச் மரத்தை நீராவியில் வேகவைத்தால் இளகிக் கொடுக்கும். ஆனால் ஒரு கட்டையை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள வேண்டும், உட்பக்கம் நெருங்க வேண்டும். வெந்த மரநார் நெருங்கச் சம்மதிக்கும். நீளச் சொன்னால் பிளந்துவிடும். தோனெட் ஓர் எஃகுப் பட்டையைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் வைத்து, இரண்டு முனையையும் அசையாமல் இறுக்கிப் பிடித்து, பட்டையோடு சேர்த்து வளைத்தார். பட்டை நீளாது. அதை ஒட்டியிருக்கும் நாரும் நீளாது. வளைவு முழுவதும் உட்பக்கம் நெருங்குவதிலேயே முடிந்துவிடும். அச்சில் பிடித்தபடியே காயவைத்து எடுத்தால் கட்டை அப்படியே நிற்கும். 1856இல் இந்த முறைக்கு உரிமம் பெற்றார்கள். இந்தப் பட்டை யோசனையை மரம் தெரிந்த யாரிடமும் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையாட்டுவார்.

தொழிற்சாலையை வியன்னாவில் வைக்கவில்லை. மொராவியாவில், பீச் காடுகளை ஒட்டிய கொரிச்சானி என்ற சிற்றூரில் வைத்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் சுற்றுவட்டத்துக் கிராமத்துச் சனங்கள். பரம்பரைத் தச்சர்கள் கிடையாது. வளைப்பது ஆண்கள் வேலை. தேய்ப்பதும் மெருகேற்றுவதும் பிரம்பு பின்னுவதும் பெண்கள் வேலை. ஒருவருக்கு ஒரு வேலைதான். முழு நாற்காலியைச் செய்யத் தெரிந்தவர் அந்தக் கொட்டகையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1859இல் அங்கிருந்து வந்ததுதான் 14ஆம் எண் நாற்காலி. 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். இரண்டு பின்கால்களும் முதுகுச் சட்டமும் ஒரே நீளக்கட்டையின் வளைவு. 1930 வாக்கில் 5 கோடி விற்றுவிட்டது. 1869இல் உரிமம் காலாவதியானதும் வேறு கம்பெனிகளும் இறங்கின. பம்பாய் இரானி ஓட்டல்களில் பளிங்கு மேசையைச் சுற்றிப் போட்டிருக்கும் வளைகட்டை நாற்காலிகளும் இந்தக் குலத்தில் பிறந்தவைதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 14ஆம் எண்ணை வாங்கியவர் தன் கையால் பூட்டவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்த ஊரில், கிடங்கிலோ கடையிலோ ஆட்கள் பூட்டினார்கள். ஆனாலும் கே.டி. தொழிலுக்கு அடித்தளம் அதுதான். பழைய தச்சுப்பட்டறையில் கழுந்தைத் துளைக்கேற்ப இழைத்து, 'இந்தக் காலுக்கு இந்தச் சட்டம்' என்று பென்சிலால் குறிபோட்டு வைப்பார்கள். குறி மாறினால் பொருந்தாது. கொரிச்சானியில் எந்தக் காலை எடுத்தாலும் எந்த இருக்கை வளையத்துக்கும் பொருந்த வேண்டும். பெட்டிக்குள் 36 நாற்காலிகளின் கால்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். குறி பார்த்துத் தேட அங்கே யார் இருக்கிறார்கள்?

அதே நூற்றாண்டில் இந்தியாவிலும் ஒரு நாற்காலி இதே கேள்விக்கு வேறு விடை சொன்னது. பிரிட்டிஷ் படை அதிகாரிகள் கூடாரத்திலிருந்து கூடாரத்துக்கு மாறிக்கொண்டே இருந்தவர்கள். அவர்களுக்காக இரண்டாகப் பிரியும் அலமாரி, கால் கழலும் மேசை என்று ஒரு தனித் தொழிலே இருந்தது. அந்த வரிசையில் கடைசியில் வந்தது ரூர்க்கி நாற்காலி. ராணுவப் பொறியாளர் பிரிவு இருந்த ரூர்க்கி நகரின் பெயரால் வழங்குவது. கடைந்த நான்கு கால், அவற்றைச் சேர்க்கும் உருட்டுக் குறுக்குச் சட்டங்கள், கித்தான் இருக்கை. இதில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சட்டத்தின் முனை கூம்பாகச் சிறுத்திருக்கும். காலிலுள்ள துளையும் அதே கூம்பு. செருகினால் போதும். ஆள் உட்கார்ந்ததும் கித்தான் இழுக்கும். அந்த இழுப்பில் கூம்பு துளைக்குள் இறுகும். ஆள் எழுந்தால் தளரும். மேடுபள்ளமான தரையில் நான்கு கால்களும் தாமாகவே திரும்பிப் படியும். கழற்றிச் சுருட்டினால் ஒரு மூட்டை. பூட்டை இறுக்க உட்கார்கிறவரின் எடையையே பயன்படுத்திய இந்த வேலைப்பாட்டுக்கு மேல் ஒரு கே.டி. பூட்டை நான் கண்டதில்லை. டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933இல் செய்த சஃபாரி நாற்காலி இதன் நேர் வாரிசு.

வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வேர்பிடித்தது. ஸ்டாக்ஹோமில் நோர்டிஸ்கா கொம்பானியெட் என்ற பெரிய கடை, எலியாஸ் ஸ்வெட்பெர்க் வடிவமைத்த 'திரிவா' வரிசையை 1944இல் தட்டைப் பொதியாக விற்றது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து எரி சாடர், திருகாணி இல்லாமல் பொருத்திக்கொள்ளும் சிறு மேசை ஒன்றை 1951இல் செய்தார். ஆஸ்திரேலியாவில் ஃப்ரெட் வார்ட் வெட்டிய துண்டுகளையும் வரைபடத்தையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார். போர் முடிந்திருந்தது. வீடுகள் சிறியவை, சம்பளம் குறைவு, ஆனால் புதுக்குடும்பங்கள் பெருகிக்கொண்டிருந்தன. ஒரே சமயத்தில் பல ஊர்களில் இது முளைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் உலகம் நினைவில் வைத்திருக்கும் கதை 1956இல் ஸ்வீடனின் ஸ்மோலாண்ட் பகுதியில் நடந்தது. கில்லிஸ் லுண்ட்கிரென் ஐகியாவில் விலைப்பட்டியல் புத்தகம் தயாரிக்கும் ஊழியர். படம் பிடித்து முடித்த மேசை ஒன்றைக் காரில் ஏற்ற வேண்டும். இலை வடிவப் பலகையும் மூன்று கால்களும் கொண்ட 'லோவெட்' மேசை. இடம் போதவில்லை. காலைக் கழற்றிப் பலகைக்குக் கீழே வைத்தார்கள். அங்கிருந்துதான் தட்டைப் பொதி பிறந்தது என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டாக்ஹோமில் விற்றதை மறந்துவிட்டுச் சொல்லும் கதை இது. லுண்ட்கிரெனின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. கால் கழலும் மேசை செய்வதோடு அவரும் ஐகியாக்காரர்களும் நிற்கவில்லை. பெட்டியின் அளவை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் மேசை எது என்று யோசிக்கிற ஒரு கம்பெனியையே உண்டாக்கினார்கள்.

அதற்கு நெருக்கடியும் துணை செய்தது. இங்வார் காம்பிராட் 1943இல், 17 வயதில் ஐகியாவைத் தொடங்கியவர். 1948இல் மரச்சாமான் விற்க ஆரம்பித்தார். தபாலில் விற்பவர்களுக்குள் விலைப்போட்டி முற்றித் தரம் கெட்டபோது, ஆட்கள் தொட்டுப் பார்த்து வாங்கட்டும் என்று 1953இல் எல்ம்ஹுல்ட் ஊரில் காட்சிக்கூடம் திறந்தார். மற்ற வியாபாரிகளுக்கு அவருடைய விலை பிடிக்கவில்லை. அவருக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்று செய்பவர்களை நெருக்கினார்கள். சந்தைகளில் இடம் மறுத்தார்கள். மற்றவர் சரக்கு கிடைக்காததால் சொந்த வடிவங்களைச் செய்ய வேண்டி வந்தது; 1961இல் போலந்துக்குப் போய் அங்கே செய்வித்தார். தூரம் கூடியது. தூரம் கூடினால் காற்றுக்குக் கொடுக்கும் கூலியும் கூடும். கழற்றி அடுக்காமல் இந்தக் கணக்கு கட்டாது. ஸ்டாக்ஹோமுக்கு வெளியே குங்கென்ஸ் குர்வாவில் 1965இல் பெரிய கடை திறந்தபோது கூட்டத்துக்கு ஊழியர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1970இல் அது தீப்பிடித்து, மறுபடி திறந்தபோது கிடங்கையே வாடிக்கையாளருக்குத் திறந்துவிட்டார்கள். பெட்டியை எடுப்பது, தூக்குவது, வீட்டுக்குக் கொண்டுபோவது, பூட்டுவது எல்லாம் வாங்கியவர் பொறுப்பு. தச்சன் செய்த கடைசி வேலை அப்போதுதான் முழுவதுமாக வாடிக்கையாளர் கைக்கு வந்தது.

1956க்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. அந்த வருடம் ஏப்ரல் மாதம் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 கண்டெய்னர்களை ஏற்றி அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். லோவெட் மேசையையும் இந்தக் கப்பலையும் சேர்த்துப் பார்த்தால்தான் மூவாரில் எங்களுக்கு எப்படி வேலை கிடைத்தது என்பது புரியும். 40 அடிக் கண்டெய்னர் ஏறத்தாழ 67 கன மீட்டர். அதற்குள் எத்தனை சாப்பாட்டு மேசை செட் அடங்கும் என்பதை வைத்துத்தான் வெளிநாட்டு வாங்குபவர் எங்கள் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், விலை பேசுவார். பெட்டியின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்து ஒரு வரிசை கூடுதலாக ஏற்றிவிட்டால் அது லாபம். அதற்காகவே நாற்காலி முதுகின் வளைவைக் குறைத்த மாடல்களை நான் பார்த்திருக்கிறேன். உட்கார்கிறவரின் முதுகுக்கு அது நல்லதில்லை என்பது என் கருத்து.

இனித் துளைக்கு வருகிறேன்.

மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலத்தில் ஊதும், சுருங்கும். நார்ப்போக்கில் பெரிதாக மாறாது. அகலப் பலகையில் போட்ட துளை மழைக்கு ஓர் இடத்திலும் வெயிலுக்கு ஓர் இடத்திலும் இருக்கும். பட்டறையில் ஆசாரி அதை அறிந்து விட்டுப்பிடித்துச் செய்வார். முன்கூட்டியே துளை போட்டு, முன்பின் தெரியாதவர் ஒருவர் வேறொரு நாட்டில் பூட்ட வேண்டும் என்றால் பலகை அசையக் கூடாது. அப்படி அசையாத பலகையைக் கொடுத்தது 1930களிலும் 40களிலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த ஆராய்ச்சி. மாக்ஸ் ஹிம்மெல்ஹெபர், ஃப்ரெட் ஃபார்னி போன்றவர்கள் மரச்சீவலைச் செயற்கைப் பிசினோடு அழுத்திப் பலகையாக்கினார்கள். அதுதான் பார்ட்டிகிள் போர்டு. நாருக்குத் திசை இல்லை. அதனால் எந்தப் பக்கமும் ஒரே அளவுக்குத்தான் அசையும், அதுவும் மிகக் குறைவு. நனைந்தால் பொருமிவிடும் என்பது உண்மைதான். ஆனால் துளை நின்ற இடத்தில் நிற்கும்.

இந்தப் பலகையின் விளிம்பில் திருகாணி நன்றாகப் பிடிக்காது. சீவல் உதிர்ந்துவிடும். அதற்கான விடைதான் நீங்கள் எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரால் அரைச்சுற்றுத் திருப்பிய மினிஃபிக்ஸ். ஒரு பலகையின் முகத்தில் சிறிய போல்ட்டைத் திருகி நிறுத்த வேண்டும். இன்னொரு பலகையின் முகத்தில் 15 மி.மீ. அகலக் குழி, அதற்குள் உருண்டையான ஒரு கேம். விளிம்பிலிருந்து வரும் துளை வழியாகப் போல்ட்டின் தலை கேமுக்குள் நுழையும். கேமின் உள்ளே இருக்கும் காடி வட்டமாக இருப்பதில்லை. சுற்றச் சுற்ற நடுவை நோக்கிக் கிட்டே வரும். திருப்பும்போது அது போல்ட்டின் தலையைப் பிடித்து உள்ளே இழுக்கும், இரண்டு பலகையும் நெருங்கி ஒட்டும். பிடிப்பு முழுவதும் பலகையின் முகத்தில், விளிம்பில் இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று, பக்கத்திலேயே இருக்கும் 8 மி.மீ. மரக்குச்சி. அதை டவல் என்போம். எடையைத் தாங்குவதும் பலகையை நேர்க்கோட்டில் நிறுத்துவதும் டவல்தான். கேம் இழுத்துப் பிடிக்க மட்டும். டவலை விட்டுவிட்டுக் கேமை மட்டும் நம்பிப் பூட்டிய அலமாரி சில மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். பின்பக்கத்து மெல்லிய தகடும் அப்படித்தான். சுவரைப் பார்த்துத்தானே இருக்கப்போகிறது என்று அதை ஆணி அடிக்காமல் விடுகிறார்கள். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் செங்கோணமாக நிற்பது அந்தத் தகட்டால்தான். 1979 முதல் விற்கும் பில்லி புத்தக அலமாரியிலும் இதே கதைதான். அதை வடிவமைத்தவரும் லுண்ட்கிரென்தான்.

எங்கள் துளை இயந்திரத்தின் தலையில் பிட்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்சக்கரம். ஒரு சக்கரம் அடுத்ததைச் சுற்றும். அந்தச் சக்கரங்களையும் பேரிங்குகளையும் எவ்வளவு நெருக்கி வைக்க முடிந்ததோ அந்த இடைவெளிதான் 32 மி.மீ. என்று நிலைத்தது. போருக்குப் பிந்திய ஐரோப்பிய அலமாரித் தொழில் முழுவதும் இந்த எண்ணைச் சுற்றி அமைந்தது. துளைக்கும் துளைக்கும் நடுவில் 32, துளையின் விட்டம் 5, முன்விளிம்பிலிருந்து முதல் வரிசைக்கு 37. கீல், டிராயர் ஓடும் தண்டு, தட்டு தாங்கும் பின் என எல்லாவற்றையும் இதற்கேற்பவே செய்கிறார்கள். ஒரு சக்கரம் வலமாகச் சுற்றினால் அடுத்தது இடமாகத்தான் சுற்றும். ஆகவே பிட்டிலும் வலச்சுழி, இடச்சுழி என இரண்டு. மாற்றி மாட்டினால் பிட் வெட்டாது, தேய்க்கும். புகை வரும், துளையின் வாய் கருகும், மேல்தாள் பிய்ந்துபோகும். புதிதாக வந்த நேப்பாளப் பையன்களுக்கும் வங்காளதேசப் பையன்களுக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அவர்கள் என்னை 'அண்ணே' என்று தமிழிலேயே கூப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

காலையில் இயந்திரத்தை ஓட விட்டதும் முதல் துண்டு பெஞ்சுக்கு வரும். எஃகில் செய்த இரண்டு அளவுமுனைகள் இருக்கும். ஒன்று துளைக்குள் போக வேண்டும். மற்றது போகக் கூடாது. இரண்டாவதும் போய்விட்டால் பிட் தேய்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். பிறகு விளிம்பிலிருந்து தூரம், ஆழம். ஆழம் கூடினால் பலகையின் மறுபக்கம் கொப்புளிக்கும், குறைந்தால் டவல் முட்டிக்கொண்டு மூட்டில் வாய் திறந்து நிற்கும். ஒரு துளை அரை மில்லிமீட்டர் விலகினால் ஒரு மூட்டில் தெரியாது. நாலாவது மூட்டுக்கு வரும்போது கடைசிப் போல்ட் உள்ளே போகாது. அந்த நேரத்தில் பெட்டி வேறொரு கண்டத்தில், யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் பிரிந்து கிடக்கும். எங்களால் அங்கே போய் உளி வைத்துச் சரிசெய்ய முடியாது. தச்சனின் கைத்திறமை செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் அந்தப் பெஞ்சருகே வந்து ஒரு காலைப்பொழுது நின்றிருக்க வேண்டும்.

திருகாணிப் பொட்டலம் போடுகிற பெண்களையும் சொல்லியாக வேண்டும். போல்ட், வாஷர், நட்டு, டவல், ஆலன் கீ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் எண்ணிப் போட்டு, ஒவ்வோர் உறையையும் தராசில் வைப்பார்கள். ஒரு வாஷர் குறைந்தாலும் முள் காட்டிக்கொடுக்கும். முழு மேசையும் சரியாக இருந்து ஒரு போல்ட் குறைந்தால் அது மேசையே இல்லை. பிறகு பெட்டியை உயரத்திலிருந்து விடும் சோதனை. ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்து முறை விழ வேண்டும். திறந்து பார்த்து, எந்த மூலை நசுங்கியதோ அங்கே அட்டையைக் கூட்டுவார்கள்.

நாங்கள் துளை போட்ட மரம் எங்கள் பெற்றோரை வாழவைத்த மரம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை கொண்டுபோய், 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கதையும், பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து மலாயாவில் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட கதையும் நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். என் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், வெளிச்சம் வருமுன் மரத்தடியில் நின்றவர்கள். பால் மரம் 25, 30 வருடம் கொடுக்கும். அதற்கப்புறம் வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரத்துக்கு மதிப்பே கிடையாது. ரப்பர் ஷீட்டைப் புகைபோட, செங்கல் சுட, வீட்டில் அடுப்பெரிக்க. பிறையிலிருந்த மலாயாவாத்தா எஃகு ஆலை ரப்பர் மரக்கரியைக் கொண்டே உலையை ஓட்டியது.

அது பலகையாகாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப்போட்ட சில நாளில் பூஞ்சணம் ஏறி நீலம் பாரித்துவிடும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஆலைக்காரர்களும் இதற்கு வழி கண்டார்கள். அறுத்த உடனே பலகையை உருளைத் தொட்டிக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். பிறகு சூளையில் காயவைக்க வேண்டும். 1980களில் இது பரவலானது. மரம் வெளிர் மஞ்சள். எந்தச் சாயத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் கட்டை குட்டை, பருமனும் குறைவு. அதனால் சிறு பட்டிகளாக அறுத்து, முனைகளை விரல்கோத்தது போலப் பல்வெட்டி ஒட்டி, பக்கவாட்டில் சேர்த்துப் பலகையாக்குகிறார்கள். நாரின் போக்கு பட்டிக்குப் பட்டி மாறுவதால் பலகை மொத்தமாகக் கோணிக்கொள்வது குறைகிறது. குறைபாட்டைச் சமாளிக்கச் செய்தது துளைக்கு வசதியாக அமைந்துவிட்டது.

இந்த மரத்தில் மேசைக்கால் பூட்டுவதற்கு மினிஃபிக்ஸ் வேண்டாம். ஒரு பாதி மரத்திருகும் மறுபாதி நட்டுத்திருகும் உள்ள போல்ட்டைக் காலில் இறக்கி, மூலையில் இரும்புத் தகடு வைத்து இறுக்கினால் ஆள் ஏறி நிற்கலாம். நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மூவார் வட்டாரத்திலிருந்து போவதாகச் சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ரப்பர் மரச் சாப்பாட்டு மேசைகள்தான்.

அப்பாவை ஒருமுறை ஆலையின் கட்டைக் களத்துக்கு அழைத்துப்போனேன். அடிமரக் கட்டை ஒன்றைக் குனிந்து பார்த்தார். பட்டை சீவியதில் காயம்பட்டு முண்டுமுண்டாகத் தடித்திருந்தது. "கத்தி ஆழமாப் போயிருக்கு தம்பி. இது வெட்டத் தெரியாத ஆளு வெட்டுன மரம்" என்றார். எங்கள் அறுவை மிஷின்காரரும் அந்தக் கட்டையைத் தள்ளித்தான் வைத்திருந்தார். மரக்காயம்பட்ட அடிக்கட்டையில் நல்ல பட்டி கிடைக்காது. பால் வெட்டியவரின் கை நிதானம்கூடப் பலகையின் தரத்தில் வந்து சேர்கிறது.

இப்போது இந்தத் தொழிலில் அடுத்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2010களில் ஐகியா ஆலன் கீயே தேவைப்படாத மூட்டைக் கொண்டுவந்தது. லிசபோ மேசையின் காலில் ஆப்பு வடிவ மரமுளை இருக்கும். அதைக் காடியில் தள்ளினால் மாட்டிக்கொள்ளும். கூம்புக் கழுந்தை நம்பிய ரூர்க்கி நாற்காலிக்கும் இதற்கும் உறவு தெரிகிறது. வித்தியாசம் அளவில் இருக்கிறது. கூம்பு, கடைசலில் வந்த சிறு பிழையைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஆப்பு மூட்டுக்கு இயந்திரம் இன்னும் நுணுக்கமாக வெட்ட வேண்டும். வாங்கியவரின் வேலை குறையக் குறைய எங்கள் பெஞ்சின் வேலை கூடுகிறது.

மரம்தான் இப்போது பிரச்சினை. தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. மூவார் ஆலைகளுக்கு ரப்பர் கட்டை போதவில்லை. பட்டி கிடைக்காமல் வேலையை நிறுத்தி வைத்த நாட்களை நானே பார்த்தேன். மலேசிய ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் பாலையும் மரத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுத்து ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். பழைய ரகங்களைவிட அடிமரம் பருத்து வரும். இன்றைக்கு ரப்பர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சில ஏக்கர் சிறு தோட்டக்காரர்கள். பால் விலை விழும்போது செம்பனைக்குப் போகாமல் அவர்களை நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் நிற்கும் மரத்துக்கு நியாயமான விலை பேசி, நடும்போதே ஒப்பந்தம் போட ஆலைகள் முன்வர வேண்டும். கண்டெய்னருக்குள் ஒரு சென்டிமீட்டர் காற்றுக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத கணக்கில்லை.